படம் காட்டாத யந்திரம் வேண்டும்

ஆழ்வார்குறிச்சியிலும் கடனா நதிக் கரையில் உள்ள சிற்றூர்களிலும் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்து, எத்தனை மாசம் என்று யாராவது விசாரித்தால், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு தேதியாக இருப்பதில்லை. பாபநாசத்துச் சித்திரை விசுவுக்குப் பிறகு என்றோ, சொரிமுத்தையன் கோயில் ஆடி அமாவாசைக்கு முந்தி என்றோ, கார் நடவு முடிந்த கையோடு என்றோ சொல்லி, அதிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொள்வார்கள். வலி கண்ட பிறகே வைத்தியம் தொடங்கிய காலத்தில், இந்தக் கணக்கில் இரண்டு மூன்று வாரம் முன்பின்னாக இருந்தாலும் அதனால் தனியாக ஒரு தீங்கும் விளையவில்லை. அந்தக் காலத்துப் பிரசவங்களில் தாய்மார் மாண்டதற்குக் காரணங்கள் வேறு. இன்றைய வைத்தியமோ, எந்த வாரத்தில் எந்த ஸ்கேன் எடுப்பது, எந்த வாரத்துக்குள் எந்த ஊசி போடுவது, எந்த வாரம் கடந்தால் வலி வருவிப்பது, எந்த வாரத்தோடு கருக்கலைப்புக்குச் சட்டம் தரும் அனுமதி முடிகிறது என்பன போன்ற தீர்மானங்களை எல்லாம் கர்ப்பத்தின் வயது என்ற ஒரே எண்ணின்மேல் நிறுத்தியிருக்கிறது. அந்த எண் பிசகினால் அதன்மேல் நிற்கும் தீர்மானங்கள் அத்தனையும் பிசகும்.

கர்ப்ப காலத்து ஸ்கேன் பரிசோதனையில் செயற்கை நுண்ணறிவைப் புகுத்துவது பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளைப் படிக்கும்போது, சிசுவின் இருதயத்தில் உள்ள நுண்ணிய கோளாறையும் கண்டுபிடித்துவிடும் அதிசய யந்திரம் என்ற தோரணையிலேயே அவை எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அப்படிப்பட்ட யந்திரங்கள் வரட்டும். வேண்டாம் என்பார் யாருமில்லை. ஆயினும் தாமிரபரணிப் படுகையில் இருக்கும் ஒரு கர்ப்பிணிக்கு இந்த விஞ்ஞானம் செய்யக்கூடிய முதல் உபகாரம் அதிசயமானதே அல்ல. இது எத்தனையாவது வாரம், குழந்தை தலை கீழாக இருக்கிறதா, ஒன்றா இரட்டையா என்ற சாதாரணமான கேள்விகளுக்கு அவள் ஊரிலேயே சரியான விடை சொல்வதுதான். அதற்குத் தடையாக நிற்பது விஞ்ஞானத்தின் குறை அன்று. நாமே, தக்க காரணத்தோடு, இயற்றிக்கொண்ட ஒரு சட்டம் என்பதைத்தான் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கர்ப்பத்தின் வயதை அறிவதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த முறை கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுவது. முறை தவறாமல் மாதவிலக்கு வருகிற, அந்தத் தேதியைக் குறித்தும் வைத்திருக்கிற பெண்ணுக்கு இது போதும். மூத்த குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, விலக்கு மீண்டும் வருவதற்கு முன்னரே, அடுத்த கர்ப்பம் தரித்துவிடும் பெண்ணுக்கு இந்தக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? வயிற்றைத் தொட்டுப் பார்த்து மாதம் சொல்லும் வித்தையை நம் வைத்தியர்கள் நன்கு பயின்றிருந்தார்கள், டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் கிருஷ்ண மேனனும் எழுதிய பிரசவ சாஸ்திர நூல் பல தலைமுறை மாணவர்களுக்கு அதைக் கற்பித்தது. ஆனால் எவ்வளவு தேர்ந்த கையும் மாதத்தைத்தான் சொல்லும், வாரத்தைச் சொல்லாது.

1958ஆம் வருஷம் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் அயன் டொனால்டும் அவருடைய சகாக்களும், காதுக்கு எட்டாத ஒலியை வயிற்றுக்குள் செலுத்தி அதன் எதிரொலியைக் கொண்டு உள்ளே இருப்பதைப் படமாக்கலாம் என்று 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்ட பிறகு நிலைமை மாறிற்று. முதல் மூன்று மாதத்துக்குள் சிசுவின் நீளத்தை அளந்தால் வயது சில நாள் பிசகுக்குள் கிடைத்துவிடும். ஏனெனில் அந்தப் பருவத்தில் எல்லாச் சிசுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. நாள் செல்லச் செல்லத்தான் வம்சமும், தாயின் போஷாக்கும், நோயும் குறுக்கிட்டு ஒவ்வொரு சிசுவையும் ஒவ்வொரு விதமாக வளர்க்கின்றன. ஆகையால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக ஸ்கேன் எடுக்க வருகிறவளுக்குத் தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தில் இட்டு வயதைக் கணிக்க வேண்டியிருக்கிறது. உலகத்தின் ஸ்கேன் யந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருக்கும் அந்தச் சூத்திரம், 1980களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் ஹாட்லாக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கிருந்த சில நூறு கர்ப்பிணிகளை அளந்து ஏற்படுத்தியது. அடுத்த வீட்டுக்காரியின் அளவு ரவிக்கையைக் கொடுத்து நமக்குத் தைக்கச் சொன்னால் எப்படியோ அப்படித்தான் அது நமக்குப் பொருந்திவருகிறது.

இந்தக் குறையை நம் நாட்டிலேயே ஆராய்ந்து தீர்க்க முயன்றிருக்கிறார்கள் என்பது சந்தோஷத்துக்குரிய விஷயம். மத்திய சர்க்காரின் உயிர்த்தொழில்நுட்பத் துறை நடத்தும் 'கர்பிணி' என்ற திட்டத்தின் கீழ், 2015ஆம் வருஷம் முதல் ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வரும் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து, அவர்களுடைய ஸ்கேன் அளவுகளைச் சேகரித்து வந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஹிமான்ஷு சின்ஹாவும், ஃபரிதாபாத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஷிஞ்சினி பட்நாகரும், அவர்களுடைய குழுவினரும், அந்த அளவுகளைக் கணினிக்குக் கொடுத்துத் தானே கற்கச் செய்து, இரண்டாம் மூன்றாம் பருவங்களுக்கு உரிய ஒரு புதிய சூத்திரத்தை வருவித்து, 'கர்பிணி-ஜி.ஏ.2' என்று அதற்குப் பெயரிட்டு 2024இல் வெளியிட்டார்கள். தென்னிந்தியக் கர்ப்பிணிகளிடத்திலும் அதை ஒத்துப் பார்த்திருக்கிறார்கள்; இந்தக் கூட்டு முயற்சியில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும் புதுச்சேரி மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கும் பங்குண்டு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஹாட்லாக் சூத்திரம் ஏழு நாள் வரை பிசகக்கூடிய இடத்தில், இது அந்தப் பிசகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்கிறார்கள்.

ஒரு வாரம் பிசகினால் என்ன முழுகிப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பரிசோதனைகளின் கதையைச் சொல்வது அவசியம். குறை மாதத்தில் பிறக்கப் போகும் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். விலை மலிவானது, செல்வ நாடுகளில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதை ஏழை நாடுகளின் கிராமங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, இந்தியா உள்பட ஆறு தேசங்களில் ஒரு பெரும் பரிசோதனை நடத்தி, 2015ஆம் வருஷம் அதன் முடிவை வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்பதோடு, மொத்தத்தில் சிசு மரணம் சற்று அதிகரித்திருந்தது. ஊசி பெற்ற பெண்களில் பெரும்பாலோருக்குப் பிறந்தவை எடை குறைந்த குழந்தைகளே அல்ல என்பது பிறகுதான் விளங்கிற்று. அதாவது, ஊசி வேண்டாதவர்களுக்கெல்லாம் ஊசி போய்ச் சேர்ந்திருந்தது. ஐந்து வருஷம் கழித்து, உலக சுகாதார நிறுவனம் அதே விதமான ஊசியை இந்தியாவிலும் வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளிலும், இந்தத் தடவை ஸ்கேன் மூலம் வாரத்தை நிச்சயப்படுத்திக்கொண்ட பெண்களுக்கே, தக்க மருத்துவமனைகளில் கொடுத்துப் பார்த்தபோது, சிசு மரணம் நூற்றுக்கு 23.5 என்பதிலிருந்து 19.6 ஆக இறங்கிற்று. மருத்துவமனையின் வசதிக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு பரிசோதனைகளுக்கும் நடுவே இருந்த பெரிய பேதம், வாரம் தெரிந்ததும் தெரியாததும்தான்.

மறுமுனையிலும் இதே கதை. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. இதற்கு நூறு காரணம் சொல்வார்கள். அவற்றுள் சில நியாயமானவை. 'தேதி தாண்டிவிட்டது' என்று சொல்லி வலி வருவித்து, அது பலிக்காமல் போகவே ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோன பெண்களில், உண்மையில் தேதியே வராதவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலிருந்தும் எடுத்துச் சொல்ல முடியாது. தேதி தவறு என்பது பதிவேட்டுக்கே தெரியாதல்லவா?

தமிழ்நாடு இந்தத் துறையில் பின்தங்கிய ராஜ்யமன்று என்பதை மறந்துவிடக் கூடாது. 2018-20 காலத்துக் கணக்கில் இந்தியா முழுவதிலும் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் இறந்தபோது, இங்கே அந்த எண் 54. இதற்கு மூல காரணம் கிராம சுகாதார செவிலியர். ஒவ்வொரு கர்ப்பிணியையும் தேடிப் பிடித்துப் பதிவு செய்து, அந்தப் பதிவுக்குரிய எண் வாங்கிக் கொடுத்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் சர்க்கார் தரும் உதவித் தொகைக்கு வழிசெய்து, இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியாயிற்றா என்று வாசலில் நின்று கேட்கிற அந்த ஸ்திரீகளால் இந்த ராஜ்யம் அடைந்திருக்கும் நன்மைக்கு அளவில்லை. ஆனால் அவர்கள் எல்லாம் செய்துவிட்டு, ஸ்கேன் என்ற இடத்துக்கு வந்ததும், 'அம்பாசமுத்திரம் போய் எடுத்துட்டு வா தாயி' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்பாசமுத்திரமோ தென்காசியோ பெரிய தூரமில்லை என்று வரைபடத்தைப் பார்ப்பவர் சொல்லலாம். கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கீழக்கடையம் என்று வரிசையாக ரயில் நிற்கிறது, பஸ்ஸும் உண்டு. ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்களில் கணிசமானவர்கள் வீட்டுத் திண்ணையில் மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஸ்கேனுக்குப் போகிற நாள் கூலி இல்லாத நாள். துணைக்கு வருகிற மாமியாரும் பீடி சுற்றுகிறவளாயின் இரண்டு கூலி. கூட்டம் அதிகம், நாளை வா என்று திருப்பி அனுப்பினால் அது நாலு கூலி. நாள் கடந்துபோய், முதல் மூன்று மாதத்தில் எடுத்திருக்க வேண்டிய ஸ்கேனை ஆறாம் மாதத்தில் எடுப்பதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது எளிது.

இனி, கடல் கடந்து நடந்திருக்கும் ஒரு காரியத்தைப் பார்ப்போம். வட கரோலினாப் பல்கலைக் கழகத்தின் ஜெஃப்ரி ஸ்டிரிங்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், ஆப்பிரிக்காவின் ஜாம்பியா தேசத்தில், ஸ்கேன் பார்க்கும் பயிற்சியே இல்லாத செவிலியர் முதலியோர் கையில், சட்டைப்பையில் அடங்கும் ஸ்கேன் கருவியைக் கொடுத்தார்கள். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் கர்ப்பிணியின் வயிற்றின்மேல் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும், குறித்த சில கோடுகளில், கருவியை இழுத்துச் செல்வதுதான்; தலை எங்கே, தொடை எலும்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை. அளவும் எடுப்பதில்லை. அந்த வீச்சில் பதிவான எதிரொலிகள் முழுவதையும் கணினி வாங்கிக்கொண்டு, முன்னே ஏராளமான கர்ப்பங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தால், இது இத்தனை வாரம் இத்தனை நாள் என்று சொல்லிவிடுகிறது. ஜாம்பியாவின் தலைநகரமான லுசாகாவிலும் வட கரோலினாவிலும் 400 பெண்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட பரிசோதனையில், கைதேர்ந்த நிபுணர் விலையுயர்ந்த யந்திரத்தில் அளந்த கணிப்பு சராசரியாக 3.0 நாள் பிசகிற்றென்றால், பயிற்சியற்றவர் எடுத்த இந்தக் கணிப்பு 3.2 நாள் பிசகிற்று. இரண்டுக்கும் பேதம் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

நம் 'கர்பிணி' சூத்திரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம்முடையது, தேர்ந்த கை எடுத்துக்கொடுத்த அளவைச் சரியாக வியாக்கியானம் செய்கிறது; அவர்களுடையதோ, தேர்ந்த கைக்கே அவசியமில்லாமல் செய்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வேண்டும் என்று 2016இல் கூறியதை எழுத்தளவில் நிறுத்திவிடாமல் ஊர்தோறும் நடத்திக்காட்ட வேண்டுமானால், இந்த இரண்டாவது வழியைத் தவிர வேறு வழி எனக்குப் புலப்படவில்லை.

அப்படியானால் நாளைக்கே ஆழ்வார்குறிச்சிச் செவிலியர் கையில் அந்தக் கருவியைக் கொடுத்துவிடலாமே என்றால், கொடுத்தவர்களும் வாங்கியவரும் சிறைக்குப் போக நேரும். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்க 1994இல் இயற்றி, 2003இல் இன்னும் இறுக்கிய சட்டம், தகுதி பெற்ற வைத்தியர் அல்லாத எவரும் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பதை அனுமதிப்பதில்லை. யந்திரமும் அது இருக்கும் இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு போகும் ஸ்கேன் கருவிக்கு 2012ஆம் வருஷத்து விதிகள் தனியாக விலங்கு பூட்டியிருக்கின்றன. மீறினால் மூன்று வருஷம் வரை சிறை. இந்தச் சட்டத்தைப் பழைய பத்தாம்பசலிச் சட்டம் என்று ஏளனம் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பெண் சிசுவைக் காப்பாற்றுவதற்காக 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த ராஜ்யம் இது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு நம்மிடையே 1991இல் 948 ஆக இருந்த பெண் குழந்தைகள் 2001இல் 942 ஆகக் குறைந்து, 2011இல் 943இல் நின்றார்கள். அந்தச் சட்டத்தின் தேவை தீர்ந்துவிட்டது என்று இந்த எண்களை வைத்துக்கொண்டு எவரும் வாதிக்க முடியாது.

ஆனால் சட்டம் அஞ்சியது எதற்கு என்பதை நிதானித்துப் பார்த்தால் ஒரு வழி தென்படுகிறது. அது அஞ்சியது படத்துக்கு. படத்தைப் பார்த்து வாயால் சொல்லாமல் புன்னகையால் சொல்லிவிடக்கூடிய மனிதருக்கு. இந்தப் புதிய கருவியோ, தன் வேலையைச் செய்வதற்கு யாருக்கும் படம் காட்ட வேண்டியதே இல்லை. திரையில் வருவது 21 வாரம் 4 நாள், ஒரு சிசு, தலை கீழே என்ற மூன்று வரிகள்தான். ஆகையால் என் அபிப்பிராயம் இது: சட்டத்தைத் தளர்த்தவே கூடாது; ஆனால் படம் காட்டாத, பாலினத்தைக் கணிக்கும் திறன் தன்னுள் இல்லாத, எதிரொலிகளை வெளியே எடுக்க இடம்கொடாத கருவி என்று ஒரு தனி வகையை மத்திய சர்க்கார் விதிகளில் வரையறுத்து, அந்த வகைக்கு மட்டும், சர்க்கார் ஊழியராகிய கிராம சுகாதார செவிலியர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் பயன்படுத்தும் அனுமதியை வழங்க வேண்டும்.

பூட்டு என்று இருந்தால் அதை உடைப்பவனும் இருப்பான் என்ற ஆட்சேபம் எழும்; அது வலுவான ஆட்சேபமே. 2010ஆம் வருஷத்தை ஒட்டி மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் ஜில்லாவில் ஸ்கேன் யந்திரங்களோடு ஒரு மௌனமான கண்காணிப்புப் பெட்டியை இணைத்து, எடுக்கும் ஸ்கேனையெல்லாம் பதிவு செய்துவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, வைத்தியர்கள் அதை எதிர்த்தார்கள். அந்தப் பெட்டியால் பாலினத் தேர்வு ஒழிந்துவிடும் என்று நம்பியவர்களை விமரிசித்தவர்களும் உண்டு. யந்திரத்தை யந்திரத்தால் மட்டும் காவல் காக்க முடியாது என்பது உண்மை. ஆயினும், பணம் வாங்கிக்கொண்டு ரகசியம் சொல்லுகிறவன் முழுப்படமும் தெரியும் நல்ல யந்திரத்தை வைத்திருக்கையில், படமே வராத கருவியை உடைத்துப் பார்க்கச் செவிலியரிடம் வருவானேன் என்பதையும் யோசிக்க வேண்டும். ஸ்கேன் நிலையங்களின் நடத்தையை மேற்பார்வை பார்க்கும் அதிகாரிகள் இப்போது செய்துவரும் சோதனையை இன்னும் ஒழுங்காகச் செய்யட்டும். அது வேறு காரியம்.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் சந்தேகம் வேறொன்று. குருகிராமத்துப் பெண்களையும் லுசாகாப் பெண்களையும் பார்த்துப் பழகிய கணினி, முக்கூடலிலும் கடையத்திலும் நாள் முழுவதும் புகையிலைத் தூளின் நடுவே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வயிற்றுச் சிசுவைப் பார்த்தால் என்ன சொல்லும்? வளர்ச்சி குன்றிய இருபத்தெட்டு வாரச் சிசுவை, நன்றாக வளர்ந்த இருபத்தாறு வாரச் சிசு என்று அது தீர்மானித்துவிட்டால், கண்டுபிடிக்க வேண்டிய நோயையே அது மறைத்துவிட்டதாகும். ஹூஸ்டன் அளவைக் குறை சொல்லிவிட்டு, குருகிராமத்து அளவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது எந்த நியாயம்? ஆகவே, விலை கொடுத்து வாங்குவதற்கு முன், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, ஜனங்கள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று சொல்லும் அதே இடம், பீடித் தொழிலாளருக்கென்றே மத்திய சர்க்கார் நடத்தும் முக்கூடல் மருத்துவமனையைத் துணைக்கொண்டு, முதல் மூன்று மாதத்திலேயே தேதி நிச்சயமான இந்தப் படுகைப் பெண்களிடம் அதை ஒத்துப் பார்த்து, எந்த வாரத்தில் எத்தனை நாள் பிசகுகிறது என்பதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். 2020ஆம் வருஷம் முதல் இத்தகைய மென்பொருளும் மருத்துவக் கருவி என்றே சட்டத்தில் கருதப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023இல் இதற்கான நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. தில்லி ஒப்புக்கொண்டதே போதும் என்று விட்டுவிடாமல், நம் ஊர் வயிற்றிலும் அதைச் சோதிக்க நமக்கு உரிமை உண்டு.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் மாதத்தில் உறுப்புகளின் அமைப்பை ஆராயும் ஸ்கேனுக்கு இந்தக் கருவி மாற்று ஆகாது. அதற்குப் பயின்ற கண்ணும், கோளாறு இருப்பதாகத் தெரிந்தால் தாயையும் தந்தையையும் உட்கார வைத்துப் பக்குவமாகப் பேசத் தெரிந்த நாவும் வேண்டும். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டம், சிசுவுக்குக் கடுமையான கோளாறு இருந்தால் 24 வாரத்துக்கு மேலும் மருத்துவக் குழுவிடம் முறையிட வழிவிட்டிருக்கிறது. அந்த வழியை ஒரு பெண்ணுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பை ஒரு திரையிடம் விட முடியாது. ஊரில் வாரக் கணக்கு சரியாகத் தெரிந்துவிட்டால், இந்த ஸ்கேனுக்கு உரிய வாரத்தில், ஒரே ஒரு நாள் கூலியை மட்டும் இழந்து, தென்காசிக்குப் போகலாம் என்பதுதான் லாபம்.

செவிலியருக்கு ஏற்கெனவே எழுத வேண்டிய பதிவேடுகளும், கைப்பேசியில் நிரப்ப வேண்டிய பத்திகளும் ஏராளம். இப்போது இன்னொரு கருவியையும் கொடுத்து, அதற்கும் ஒரு பதிவேடு, அதற்கும் ஒரு மாதாந்திரக் கூட்டம் என்று உத்தரவு வந்தால், ஆறாம் மாதம் அந்தக் கருவி பீரோவுக்குள் போய்விடும். கணினி தந்த வாரத்தைக் கர்ப்பிணியின் அட்டையிலும் சர்க்கார் ஏட்டிலும் கருவியே எழுதிக்கொள்ளட்டும். இந்தப் புதிய வேலைக்கு ஈடாகப் பழைய பதிவேடுகளில் எவையெவை நீக்கப்படுகின்றன என்பதை, கருவியை அனுப்பும் அதே உத்தரவில், பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அனுப்புவது உசிதம்.